மணக்காத படிவம்

அந்த ஸ்கூபா பயிற்சி நிலையத்தில் சேர வருகிறவர்கள் கடலைப் பார்ப்பதற்கு முன்னால் மூக்கக்காவைப் பார்த்தாக வேண்டும். வாசலைத் தாண்டியதும் இடப்பக்கம் ஒரு சின்ன அறை. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோரம் காயப் போட்ட ரப்பர் உடைகள், அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு வாளி. மேசைக்குப் பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நீங்கள் நீட்டும் உடல்நலப் படிவத்தை வாங்குவாள். படிப்பதற்கு முன்னால் அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பாள்.

அதனால்தான் அந்தப் பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு நேராகவே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் "என்னப்பா?" என்று திரும்பிவிட்டாள்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் பத்து வருஷம் ஒரு சலவைக் கடையில் துணி வாங்கும் இடத்தில் நின்றவள் அவள். எந்தச் சட்டையில் மீன், எதில் பெட்ரோல், எதில் வாந்தி என்று மூட்டையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள். படிவத்தில் நாற்பது கேள்விகள். ஆஸ்துமா உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா, நுரையீரல் எப்போதாவது சுருங்கிப் போனதுண்டா, இப்படி. பன்னிரண்டாவது கேள்வி, புகைபிடிப்பவரா? ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று விழுந்தாலும் மருத்துவரிடம் போய், மூச்சைச் சோதிக்கும் குழாயில் ஊதிக்காட்டி, எக்ஸ்ரே எடுத்து, கடிதம் வாங்கி வர வேண்டும். இரண்டு வாரம் ஓடிவிடும். எல்லாம் 'இல்லை' என்றால் அன்றைக்கே முத்திரை. ஆகவே மற்றக் கேள்விகளுக்கு அரிச்சந்திரனாக இருக்கிறவர்கள்கூடப் பன்னிரண்டாவதில் கொஞ்சம் சறுக்குவார்கள்.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். படிவத்தை அங்கேயே நிரப்ப விடமாட்டாள். "வீட்டுக்குக் கொண்டு போய் நிதானமா எழுதி நாளைக்குக் கொண்டாங்க" என்பாள். ஒரு ராத்திரி வீட்டில் கிடந்த தாள் அந்த வீட்டின் காற்றைக் குடித்துவிடும் என்பது அவள் கணக்கு. மறுநாள் அது மேசைக்கு வரும்போது எழுதியவர் சொல்லாததை எல்லாம் தாள் சொல்லிவிடும். ஒருமுறை எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டு வந்த ஓர் ஆளின் படிவத்தை முகர்ந்துவிட்டு, "ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட்டா, ரெண்டா?" என்று கேட்டாள். ஆள் வெலவெலத்துப் போனார். எக்ஸ்ரேயில் அவருடைய நுரையீரலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து நிலையத்தில் அவள் மூக்குக்குத் தனி மரியாதை.

"ஏன்க்கா, நான் கரையில பிடிக்கிற சிகரெட்டுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று மல்லுக்கு நிற்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காக மேசை இழுப்பறையில் பலூன் வைத்திருப்பாள். ஒன்றை ஊதிப் பிடித்துக்கொள்வாள்.

"பத்து மீட்டர் ஆழத்துல உங்க நெஞ்சுல இருக்கிற காத்து, மேல வர வர ரெண்டு மடங்கா ஊதும். மூச்சை விட்டுக்கிட்டே வந்தா அது பாட்டுக்கு வெளிய போயிடும். புகை பிடிச்ச நெஞ்சுல சளி இருக்கும். ஏதாவது ஒரு மூலையில அது மூடி போட்ட மாதிரி உக்காந்திருந்தா, அங்க மாட்டின காத்து எங்க போகும்?" சொல்லிக்கொண்டே சட்டையில் குத்தியிருக்கும் குண்டூசியை எடுப்பாள். ஊசி பலூனைத் தொடுவதற்குள் எதிரில் இருப்பவர் மருத்துவரின் முகவரியைக் கேட்டுவிடுவார்.

அவள் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். முப்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. காலையில் ஏணி ஏறினால் மாலையில்தான் இறக்கம். கீழே ஆட்கள் எறும்பு மாதிரித் தெரிவார்கள். பேச்சுத்துணை கிடையாது. பதினேழு வருஷம் அந்தக் கூண்டில் அவருக்குத் துணை சிகரெட்தான். வீட்டிலும் அது கூடவே வந்தது. வரவேற்பறையில் ஒன்று, சாப்பிட்டு முடித்ததும் ஒன்று, செய்தி பார்க்கும்போது ஒன்று.

கூண்டிலிருந்து அவர் இன்னொரு பழக்கத்தையும் கொண்டுவந்திருந்தார். பெரிய இரும்புப் பெட்டியை லாரிமேல் இறக்கும் கடைசி நொடியில் கை ஆடக் கூடாது என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொள்வார். நாளுக்கு நூறு பெட்டி, நூறு தடவை. அது உடம்பில் ஊறிப்போய், வீட்டில் மகள் ஏணியில் ஏறினாலும், பால் பொங்கி வந்தாலும், அவர் மூச்சு தானாக நின்றுவிடும். "அப்பா, ரிலீஸ்!" என்று பதினைந்து வயது மகள் முதுகில் தட்டுவாள்.

இந்த வருஷம் துறைமுகத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. இனிமேல் கிரேனை அலுவலகத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டுவார்கள். கூண்டுகள் காலி. கூண்டுக்காரர்களில் நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்கள் ஸ்கூபா பயிற்சி முடித்தால், தண்ணீருக்குள் இறங்கித் துறைமுகத் தூண்களைச் சோதிக்கும் குழுவில் சேரலாம். மற்றவர்கள் வாசல் காவலுக்குப் போக வேண்டும். அவருக்கு நாற்பத்திரண்டு.

"மேல தனியா உக்காந்தது போதும்டி" என்றார் அவளிடம். "கீழ நாலு பேரோட வேலை செய்யறேன்."

"பேச முடியாதே தண்ணிக்குள்ள?"

"கை காட்டினாலும் போதும். எதிர்ல ஒரு ஆள் இருக்கணும், அவ்வளவுதான்."

அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அவர் தன் வேலையைப் பற்றி இவ்வளவு பேசியதே இல்லை.

அன்றைக்கே லைட்டரையும் பாக்கெட்டையும் அவள் கண்முன்னால் குப்பைத் தொட்டியில் போட்டார். "இன்னையோட சரி." மகள் அதைப் பார்த்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வயசுக் கோளாறு என்று தாய் நினைத்துக்கொண்டாள்.

நாற்பது நாள் கழித்து அவர் படிவம் வாங்கினார். ஓர் இரவு அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. மறுநாள் மற்றவர்களோடு வரிசையில் நின்று அதை நீட்டினார். பன்னிரண்டாவது கேள்விக்கு, 'இல்லை. விட்டாகிவிட்டது.'

"அக்கா, வீட்டுக்காரருக்குன்னா சலுகையா?" என்று வரிசையில் யாரோ சீண்டினார்கள்.

"எவனுக்கும் இல்ல சலுகை" என்று அவள் படிவத்தை ஒருமுறை முகர்ந்தாள். திருப்பி ஒருமுறை. பிறகு எல்லோரும் பார்க்கும்படி இழுத்து மூன்றாவது முறை. அறை சிரித்தது.

"கோர்ட்டுல நிக்கற மாதிரி இருக்குடி" என்று அவர் முணுமுணுத்தார்.

ஒரு வாசனையும் இல்லை. வெறும் தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. ரப்பர் முத்திரையை மையில் நன்றாக அழுத்தி, கோணாமல் குத்தினாள்.

நான்கு நாள் நீச்சல் குளத்தில் பயிற்சி. சொல்லிக்கொடுத்தவள் இருபத்தாறு வயதுப் பெண். எல்லோருக்கும் அவள் சின்ன மாஸ்டர். கிரேன்காரர் எல்லாவற்றையும் சீக்கிரம் பிடித்துக்கொண்டார், ஒன்றைத் தவிர. கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால், கயிறு சிக்கினால், உடனே மூச்சைப் பிடித்துவிடுவார். தண்ணீருக்குள் அதுதான் முதல் குற்றம். சின்ன மாஸ்டர் இரண்டு விரலால் அவர் நெஞ்சில் தட்டுவாள். தட்டினால் விட வேண்டும். நான்காவது நாள் தட்டுவது குறைந்திருந்தது.

ஐந்தாவது நாள், சனிக்கிழமை, கடல்.

காலையில் கிளம்பும்போது அவர் இருமினார். அடிவயிற்றிலிருந்து வரும் இருமல்.

"என்னங்க இது?"

"துறைமுகத் தூசி."

"சளியா இருந்தா இன்னிக்கு வேணாங்க. அடுத்த வாரம் போயிக்கலாம்."

"ஒரு இருமலுக்கு ஊரைக் கூட்டாத" என்று அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். நிலையத்தின் படகு பயிற்சிக்காரர்கள் நான்கு பேரோடு அலைத்தடுப்பைத் தாண்டிப் போனதை அவள் தன் அறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். மேசைமேல் வாக்கிடாக்கி சார்ஜில் இருந்தது.

அந்தக் குழுவை, நிலையத்தை நடத்தும் பெரிய மாஸ்டர்தான் கூட்டிப்போக வேண்டியது. காதில் சீழ் வைத்திருந்ததால், தான் போட்ட விதிக்குத் தானே கட்டுப்பட்டு, சின்ன மாஸ்டரை அனுப்பிவிட்டு அவர் கரையில் நின்றுவிட்டார். சும்மா இருக்கப் பிடிக்காமல் மூக்கக்காவின் அறைக்கு வந்து, அன்றைய பதிவேட்டில் கையெழுத்துப் போட நான்கு பேரின் படிவங்களையும் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவினார். உருவியவர் முகத்தைச் சுளித்தார்.

"யாரிது, புகைபோக்கியா?"

"எது மாஸ்டர்?"

மேலே இருந்த தாளை அவர் விரல் நுனியால் நகர்த்தினார். அவள் எடுத்துப் பார்த்தாள். கணவரின் படிவம். மூக்கில் வைத்து இழுத்தாள். தாள் வாசனை. மை வாசனை. வேறொன்றும் இல்லை.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

பெரிய மாஸ்டர் அவளையே பார்த்தார். வேடிக்கை செய்கிறாளோ என்று முதலில் நினைத்திருப்பார். பிறகு அவர் குரல் தணிந்தது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பை, உங்க ஸ்வெட்டர் எல்லாமே இப்படித்தான் இருக்கும். நீங்கதான் பிடிக்கிறீங்கன்னு ரொம்ப நாளா நெனச்சுக்கிட்டு இருந்தேன். கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

அவள் நாற்காலியில் மாட்டியிருந்த ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் பொத்திக்கொண்டாள். சோப்பு. தன் உடம்பு. தன் வீடு. ஊரில் இருக்கிற அத்தனை வீட்டுப் புகையும் அவளுக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷமாகக் குடியிருக்கும் தன் வீட்டுப் புகை மட்டும் அவளுக்கு வெறும் காற்றாகிவிட்டிருந்தது. மூன்று முறை முகர்ந்தாள். சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினாள்.

"அவரு விட்டு நாப்பது நாளுக்கு மேல ஆச்சு மாஸ்டர்" என்றாள். தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது. "இது பழசு. திரையில, சோபாவுல ஒட்டினது."

"இருக்கலாம்" என்றார் அவர். "வீட்டுல கேக்க ஆள் இருக்கா?"

மகள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டாவது மணியில் போனை எடுத்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், நெஜத்தைச் சொல்லு. அப்பா இன்னும் சிகரெட் பிடிக்கறாரா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

"பாப்பா!"

"அம்மா, உனக்கு நெஜமாவே தெரியாதா?" மகளின் குரலில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. "தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கேன்னு நெனச்சேன். குளிக்கற ரூம்ல பிடிக்கறாரு. இன்னிக்குக் காலையிலகூட. நான் ஏன் யூனிஃபார்மை பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெக்கறேன்னு நெனச்ச? கிளாஸ்ல பக்கத்துல உக்கார மாட்டேங்கறாங்கம்மா."

கவரை அவள் பார்த்திருந்தாள். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெண் சுத்தக்காரி என்று அக்கம்பக்கத்தில் பெருமை வேறு அடித்திருந்தாள். போனை வைத்தாளா, கீழே போட்டாளா என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. கை வாக்கிடாக்கியைப் பிடித்திருந்தது.

"அண்ணே! படகு! கேக்குதா?"

கரகரப்பு. பிறகு படகோட்டியின் குரல். "சொல்லுங்கக்கா."

"எல்லாரும் எங்க?"

"எறங்கியாச்சு. ஒம்பது நிமிஷம் ஆச்சு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குக்கா, பத்து மீட்டர் அடியில நாலு பேரும் தெரியறாங்க."

"மேல கூப்பிடுங்க! உடனே எல்லாரையும் மேல கூப்பிடுங்க!"

"ஏணியில அடிச்சுடட்டுமா?"

இரும்புக் கம்பியால் படகு ஏணியில் மூன்று அடி அடித்தால், போட்டது போட்டபடி எல்லோரும் மேலே வர வேண்டும் என்பது அடையாளம். தண்ணீருக்குள் அந்தச் சத்தம் மண்டைக்குள் கேட்கும். புதியவர்கள் அலறி அடித்துக்கொண்டு வருவார்கள்.

பெரிய மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "அக்கா. கீழ இருக்கற வரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகாது. மேல வர்றதுதான் கண்டம்."

அவளுக்குத் தெரியும். பலூனை ஊதி ஊதி ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான். ஆனாலும் அந்த நொடியில் அவரைத் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துப் போட்டுவிட வேண்டும் என்று உடம்பு முழுவதும் பறந்தது. ஏணிச் சத்தம் கேட்டால் அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தாள். முதலில் மூச்சைப் பிடிப்பார். பெட்டி இறங்கும் கடைசி நொடிபோல. பால் பொங்கும்போதுபோல. பிடித்த மூச்சோடு மேலே பாய்வார்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினாள். "அண்ணே, அடிக்காதீங்க! அடிச்சுட்டீங்களா?"

"இல்லக்கா, கம்பியக் கையில வெச்சிருக்கேன்."

"கீழ வைங்க. கீழ வெச்சுட்டீங்களா?"

"வெச்சுட்டேன், வெச்சுட்டேன். என்னக்கா ஆச்சு?"

படகில் எப்போதும் ஒருவர் முழு உடையோடு தயாராக உட்கார்ந்திருப்பார், ஆபத்துக்கு இறங்க. அவரிடம் தண்ணீருக்குள் எழுதிக் காட்டும் சிலேட்டு இருக்கும். பெரிய மாஸ்டர் வாக்கிடாக்கியை வாங்கி, அதில் எழுதச் சொன்னார். "அக்கா வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி. பாதி வேகத்தில் ஏற்று. இருமினால் நில்."

அவர் முடிப்பதற்குள் அவள் பிடுங்கிக்கொண்டாள். "அண்ணே, சிலேட்டைச் சின்ன மாஸ்டர்கிட்ட மட்டும் காட்டச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் கண்ணுல படக் கூடாது. பட்டா பயந்துருவாரு. பயந்தா மூச்சைப் பிடிப்பாரு. முதுகுப் பக்கமாப் போகச் சொல்லுங்க. நெஞ்சுல தட்டிக்கிட்டே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தட்டினா விட்டுருவாரு."

"முதுகுப் பக்கமா. நெஞ்சுல தட்டணும். சரிக்கா."

பிறகு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத நேரத்தில் மின்விசிறி சுற்றியது. ரப்பர் உடையிலிருந்து வாளியில் சொட்டு விழுந்தது. பெரிய மாஸ்டர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் இருவருக்கும் தெரியும்படி வைத்தார்.

"ஆள் எறங்கிட்டாரு" என்றார் படகோட்டி.

இன்னொரு நிமிஷம்.

"சின்ன மாஸ்டர் சிலேட்டைப் பாத்துட்டாங்க. மத்த மூணு பேரையும் நம்ம ஆள்கிட்ட ஒப்படைக்கறாங்க. உங்க வீட்டுக்காரர் கையப் பிடிச்சுட்டாங்கக்கா. எதுத்தாப்புல நின்னுக்கிட்டு கெளம்பறாங்க."

"எவ்வளவு மீட்டர்?"

"ஒம்பது இருக்கும்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தன்னை அறியாமல் தன் மூச்சையும் பிடித்திருந்தாள். பெரிய மாஸ்டர் மேசையில் விரலால் தட்டினார். விட்டாள்.

"ஏழு. குமிழி நல்லா வருதுக்கா. ரெண்டு பேருக்கும் வருது."

"ஆறு."

பிறகு படகோட்டியின் குரல் மாறியது. "நின்னுட்டாங்க."

"ஏன்?"

"இருமறாரு போல. ஒடம்பு குலுங்குது. குமிழி... குமிழி வரலக்கா."

அவள் எழுந்து நின்றாள். எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. ஜன்னலில் அலைத்தடுப்பின் கற்கள் தெரிந்தன, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம். அவர் இப்போது நெஞ்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பார். பெட்டி லாரியில் உட்காரட்டும் என்று காத்திருப்பார்.

"ரிலீஸ்" என்றாள், வாக்கிடாக்கியில் இல்லை, ஜன்னலைப் பார்த்து. "விடுங்க. விட்டுருங்க."

"மேல போகப் பாக்கறாரு. சின்ன மாஸ்டர் இழுத்துப் பிடிச்சுட்டாங்க. கொஞ்சம் கீழகூட எறக்கிட்டாங்க. நெஞ்சுல தட்டறாங்க. தட்டறாங்க..."

பெரிய மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"வருது! குமிழி வருதுக்கா! பெருசா வருது!"

மீதி ஆறு மீட்டரைக் கடக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. ஓர் அடி, ஒரு நிற்பு, ஒரு தட்டு. கடைசியில் படகோட்டி, "தலை தெரியுது. ஏணியப் பிடிச்சுட்டாரு" என்றபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். எப்போது உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

படகு கரைக்கு வரும்போது அவர் முகத்தில் ஆக்ஸிஜன் மூடி இருந்தது. இடது நெஞ்சில் லேசாக வலி என்றார். அவளைப் பார்த்ததும் மூடியைக் கழற்றினார்.

"எல்லார் முன்னாலயும் என்னைக் கேவலப்படுத்திட்டியேடி. முத்திரை குத்தினது நீதானே?"

"நான்தான். அதான் நானே அழிக்கறேன்."

"ஒண்ணு ரெண்டுதான் பிடிச்சேன். அதுவும்..." பாதியில் அவருக்கு இருமல் வந்தது. நீண்ட இருமல். ஓய்ந்தபின் அவரிடம் சண்டைக்குத் தெம்பு இல்லை. "நாப்பது நாளும் விடத்தான் பாத்தேன். முடியல. உங்கிட்ட சொல்ல முடியல. நீ முகர்ந்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னப்ப, ஒருவேளை ஒண்ணும் இல்லதானோன்னு நானே நம்பிட்டேன்."

"மூடியப் போடுங்க முதல்ல" என்றாள் அவள். தானே எடுத்து அவர் முகத்தில் வைத்து, ரப்பர் பட்டையைக் காதுக்குப் பின்னால் மாட்டிவிட்டாள்.

மருத்துவர் எக்ஸ்ரேயை விளக்குக்கு முன்னால் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கிழிசல் இல்லை. இடது நுரையீரலின் அடியில் ஒரு மூலை மட்டும் சளி அடைத்து மங்கலாக இருந்தது. "வேகமா மேல வந்திருந்தா?" என்று அவள் கேட்டாள். "என்ன ஆகியிருக்கும்னு என்னால சொல்ல முடியாது. ஆகலைங்கறது தெரியுது, அது போதும்" என்றார் அவர். மூன்று மாதம் தண்ணீர் கூடாது, ஒரு சிகரெட்கூடக் கூடாது, அதற்குப் பிறகு குழாயில் ஊதிக்காட்டட்டும், அப்புறம் யோசிக்கலாம்.

திங்கட்கிழமை அவள் படிவத்தில் தன் முத்திரையின் குறுக்கே இரண்டு கோடு இழுத்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிழைகளை எழுதும் பதிவேட்டில் நான்கு வரி எழுதினாள். அதில் கடைசி வரி, 'என் மூக்கை இனி நம்ப வேண்டாம்.' பெரிய மாஸ்டர் படித்துவிட்டு, மூச்சிலிருக்கும் புகையைக் காட்டும் கருவி ஒன்றுக்கு எழுதிப்போட்டார். இப்போது வருகிறவர்கள் எல்லோரும் அதில் ஊதுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. மூக்கக்கா மூக்கக்காதான்.

வீட்டில் கிரேன்காரர் நான்கு நாள் யாரோடும் பேசவில்லை. ஐந்தாம் நாள் குளியலறை ஜன்னல் மேலிருந்து ஒரு பாக்கெட்டையும், ஷூவுக்குள்ளிருந்து இன்னொன்றையும் எடுத்து வந்து, இந்தத் தடவை மகளின் கையில் கொடுத்தார். அவள் குழாயடியில் நனைத்துப் பிசைந்து எறிந்தாள். அவர் அந்த வாரம் முழுவதும் எரிந்து விழுந்தார். இரண்டாவது மாதம் ஒருமுறை தோற்றுப்போய்த் தெருமுனை வரை போனார். பற்ற வைக்காமல் திரும்பி வந்து, தானே அதைச் சொன்னார். வாசல் காவல் வேலைக்கு வரச்சொல்லித் துறைமுகத்திலிருந்து வந்த கடிதம் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தது.

குழாயில் ஊதிக்காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு. மழை பிடித்துக்கொண்டதால் அவள் அலமாரியின் மேல்தட்டிலிருந்து அவருடைய பழைய குளிர்கோட்டை எடுத்தாள். உதறினாள். உதறியவள் அப்படியே பின்வாங்கினாள்.

"ஐயோ, நாறுதுங்க!"

உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர் பதறி ஓடிவந்தார். "சத்தியமா நான் தொடலடி! மூணு மாசமாச்சு! வேணும்னா பாப்பாவைக் கேளு!"

அவள் கோட்டின் காலரை மூக்கில் வைத்து மறுபடி இழுத்தாள். சாம்பல், தார், பழைய எண்ணெய். தொண்டையைக் கவ்வும் நாற்றம். இத்தனை வருஷம் இதற்குள்தான் சமைத்தாள், தூங்கினாள், பிள்ளை வளர்த்தாள். கண்ணில் நீர் முட்டியது. "நாறுதுங்க" என்றாள் இன்னொரு தடவை, மெதுவாக. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு விரலால் அவர் நெஞ்சில் தட்டினாள்.

மகள் கதவோரம் நின்று இருவரையும் பார்த்தாள். கோட்டைத் தாயின் கையிலிருந்து வாங்கிப் பின்பக்கம் கொண்டுபோய் வாளியில் அமுக்கினாள்.

மறுநாள் காலை மகளின் யூனிஃபார்ம், கவர் இல்லாமல், அறைக் கதவின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.